முதல் பட்டம் வேராகட்டும்: கம்பம் பள்ளத்தாக்கும் நூலகவியல் கல்வியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகள் விடப்பட்டுள்ளன.)



நூலகவியல் பட்டப்படிப்பில் சேர்வது, அதை முடிப்பது பற்றிப் பேசுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன கட்டணம், எப்போது கடைசி நாள் என்பதெல்லாம் வேலைவாய்ப்புப் பக்கங்களில் வந்துவிடுகிறது. அதைப் படித்துக் காட்ட நான் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைத்து வாதிட வந்திருக்கிறேன். நூலகவியல் இரண்டாவதாகப் படிக்கும் படிப்பு. முதலில் படித்ததை மறந்துவிட்டு இதற்கு வருகிறவர் பாதி நூலகராகத்தான் ஆவார். தாவரவியலோ வணிகவியலோ வரலாறோ தமிழோ, முதல் பட்டத்தில் கற்றதைக் கையோடு கொண்டுவருகிறவரே முழு நூலகர் ஆவார். விண்ணப்பம் போடும் நாளிலிருந்து ஆய்வேடு கட்டிக் கொடுக்கும் நாள்வரை இந்த நினைவு இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

பெரியகுளம் பக்கத்து நாற்றங்கால்களில் ஒட்டு மாங்கன்று வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே கட்டும் ஒட்டு எவ்வளவு உயர்ந்த இரகமானாலும் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது அடியிலிருக்கும் நாட்டுச் செடியின் வேர்தான்.

1.

படிப்பின் அமைப்பிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. பி.லிப். என்று நாம் சொல்லும் இளநிலை நூலகவியல் பட்டம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேரக்கூடியது அன்று. ஏதாவது ஒரு பட்டம் பெற்ற பிறகு படிக்கும் ஓராண்டுப் படிப்பு அது. அதற்கு மேல் எம்.லிப். இன்னொரு ஆண்டு. இரண்டையும் சேர்த்து ஈராண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பாக நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. எதுவானாலும் வாசலில் கேட்கப்படுவது முன்பு பெற்ற ஒரு பட்டம்தான். 'எந்தப் பட்டமானாலும் சரி' என்று அறிவிப்பில் இருப்பதை நம் பிள்ளைகள் 'எதைப் படித்தாலும் ஒன்றுதான்' என்று புரிந்துகொள்கிறார்கள். எல்லாத் துறையிலிருந்தும் ஆள் வேண்டும் என்பதற்காகவே அந்த விதி அப்படி இருக்கிறது.

இந்தியாவில் இக்கல்விக்கு அடித்தளமிட்ட சீர்காழி இரா. அரங்கநாதன் கணித ஆசிரியர். 1892இல் பிறந்தவர். மங்களூரிலும் கோவையிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையில் நின்று பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய வேலைக்குத் திரும்பிவிட விரும்பினார். இலண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வந்து, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே குராய்டன் நகர நூலகத்தின் தலைவராக இருந்த பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

இலண்டனில் செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை அரங்கநாதன் பார்த்தது நூலகவியல் மாணவர் எல்லாருக்கும் தெரிந்த கதை. துளைபோட்ட தகடு, கம்பி, சக்கரம், திருகாணி ஆகிய சில உறுப்புகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் பல பொம்மைகள் கிடைக்கும். உலகத்துப் பொருளையெல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பட்டியல் போடுவதற்குப் பதிலாக, பொருளின் கூறுகளுக்கு மட்டும் எண் கொடுத்துத் தேவையானபோது பூட்டிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்தது. அந்தக் கடையில் அந்தப் பொம்மையை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். கூறுகளாகப் பிரித்து யோசிக்கும் பழக்கம் கணிதத்தால் வந்தவருக்குத்தான் அது பகுப்பு முறையாகத் தெரிந்தது.

1925இல் திரும்பி வந்தவர் கணிதத் துறைக்குப் போகவில்லை. 1945 வரை அதே நூலகத்தில் இருந்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம், 1929இல் நூலகர் பயிற்சிப் பள்ளி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல் என்று வரிசையாகச் செய்தார். ஆனாலும் கணிதத்தை அவர் விட்டுவிடவில்லை. முதுமையில், 1967இல், அவர் வெளியிட்ட நூல்களில் ஒன்று கணிதமேதை ராமானுஜனின் வாழ்க்கையைப் பற்றியது.

இந்தப் பள்ளத்தாக்கில் நின்று இன்னொரு செய்தியையும் சொல்லாமல் போகக்கூடாது. இந்தியாவில் நூலகவியலில் முதல் முனைவர் பட்டத்தை 1950களின் இறுதியில் தில்லிப் பல்கலைக்கழகம் டி. பி. கிருஷ்ணராவ் என்பவருக்கு வழங்கியது. நெறியாளர் அரங்கநாதன். ஆய்வுப் பொருள் வேளாண்மை நூல்களை நுணுக்கமாகப் பகுப்பது. ஆக, நம் நாட்டு நூலகவியலின் முதல் முனைவர் பட்டமே வயல்காட்டைப் பற்றியது. உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

2.

இனி விண்ணப்பம். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

தேனியிலிருந்து உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் போகும் பேருந்தில் ஏறினால், நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பே, நாகமலைப் பக்கம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வந்துவிடும். அங்கே நூலகவியல் துறை இருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. அகல ரயில்பாதை வேலைக்காக 2010 இறுதியில் நின்றுபோன ரயில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பி வந்தது. மதுரைக்குப் போய்ப் படிக்க வீட்டில் சம்மதம் கேட்கும் பெண்களுக்கு அது ஓரளவு துணை.

ஆனாலும் இந்தப் பகுதியிலிருந்து படிக்கிறவர்களில் பலர் தொலைநிலைக் கல்வியைத்தான் எடுக்கிறார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவை நல்ல வாயில்கள்தாம். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதிக்கொண்டோ குழந்தையை வளர்த்துக்கொண்டோ படிக்கிறவருக்கு வேறு வழி என்ன இருக்கிறது? நான்கு விஷயங்களை மட்டும் விண்ணப்பத்துக்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேரும் ஆண்டுக்கு அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விக் குழுமம் அனுமதி தந்திருக்கிறதா என்று அக்குழுமத்தின் பட்டியலிலேயே பாருங்கள். நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருப்பது போதாது. 2024 முதல் தொலைநிலையில் சேர்கிறவர் டெப் எண் என்னும் அடையாள எண்ணைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். முகவர் கையில் அதை விடாதீர்கள். பத்து, பன்னிரண்டு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை குலையாமல் உங்கள் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசுப் பணிக்கு அது முக்கியம். கடைசியாக, பயிற்றுமொழி. அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழி படித்தவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020இல் செய்த திருத்தத்தின்படி பள்ளியில் தொடங்கிப் பணிக்குக் கேட்கப்படும் தகுதிவரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து தமிழிலேயே படித்து வந்தவர், எம்.லிப். கேட்கும் ஒரு பணியைக் குறிவைத்து, அந்தக் கடைசிப் படியில் யோசிக்காமல் ஆங்கில வழியைத் தேர்ந்தால் அந்த உரிமை போய்விடும்.

இதில் முதல் பட்டம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். துறையில் நேரடிச் சேர்க்கைக்கு நேர்காணல் இருந்தால், 'ஏன் நூலகவியல்?' என்று கேட்பார்கள். 'புத்தகம் படிக்கப் பிடிக்கும்' என்பதுதான் பெரும்பாலானோர் பதில். புத்தகம் படிக்கப் பிடிப்பது நல்ல குணம், ஆனால் அதனாலேயே நூலகராகிவிட முடியாது. 'நான் தாவரவியல் படித்தவள், எங்கள் ஊரில் திராட்சைக் கொடிக்கு நோய் வந்தால் உழவர்கள் மருந்துக் கடைக்காரரைத்தான் கேட்கிறார்கள், அவர்களுக்கு ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடு போய்ச் சேர வேண்டும்' என்று ஒரு பெண் சொன்னால் அந்த இருக்கை அவளுக்குத்தான்.

3.

படிப்புக் காலத்தில் எல்லாரும் பயப்படுவது பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும். அவற்றின் செய்முறைத் தேர்வில் ஒரு நூலின் தலைப்பைக் கொடுத்து அதற்கு எண் கட்டச் சொல்வார்கள். டூயி தசமப் பகுப்பின் 23ஆம் பதிப்பு நான்கு கனத்த தொகுதிகள், மாணவர் சொந்தமாக வாங்கக்கூடிய விலையில் இல்லை. தொலைநிலையில் படிப்பவர் தொடர்பு வகுப்பில் மட்டும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போகிறார். 894.811 தமிழ் இலக்கியம் என்பதைத் தாண்டி அவருக்கு எண் வசப்படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். 'கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைச் சாம்பல் நோய்த் தடுப்பு' என்று ஒரு சிற்றேடு உங்கள் மேசைக்கு வருகிறது. டூயி முறையில் திராட்சைக்கு 634.8. அதோடு நிறுத்திவிட்டால் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பற்றிய 2023ஆம் ஆண்டு வெளியீடும், கவாத்து செய்யும் முறை பற்றிய கையேடும், இந்த நோய்ச் சிற்றேடும் ஒரே குவியலில் கிடக்கும். அரங்கநாதன் வழியில் போனால், வேளாண்மை என்ற பெரும்பிரிவுக்குள் பயிர் ஒரு கூறு, நோய் ஒரு கூறு, தடுக்கும் செயல் ஒரு கூறு, இடம் ஒரு கூறு, காலம் ஒரு கூறு என்று பிரித்துப் பூட்டலாம்.

பிரிப்பதற்குப் பொருள் தெரிய வேண்டுமே! சாம்பல் நோய் வேறு, அடிச்சாம்பல் நோய் வேறு. முன்னது பூஞ்சையால் வருவது. பின்னதற்குக் காரணமான உயிரியை இன்றைய அறிவியல் உண்மையான பூஞ்சைகளோடு சேர்ப்பதே இல்லை. ஒன்றுக்கு அடிக்கும் மருந்து மற்றதற்குக் கேட்காமல் போகலாம். பெயரில் 'சாம்பல்' இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிற நூலகர் உழவரைத் தவறான பக்கத்துக்கு அனுப்பிவிடுவார். இராயப்பன்பட்டிக்கு அருகே ஆனைமலையான்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இவற்றின் வெளியீடுகளைச் சரியாகப் பகுத்து வைக்கத் தாவரவியல் படித்த பி.லிப். மாணவிக்கு இருக்கும் தகுதி வேறு யாருக்கு இருக்கிறது? அவளோ பகுப்பாக்கத் தாளைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள், பழைய தாவரவியல் நோட்டை எடைக்குப் போட்டுவிட்டு.

வணிகவியல் மாணவருக்கும் இதே கதைதான். போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது, கேரளத்துப் புத்தடியிலும் நடக்கிறது. ஏலத்துக்கு ஏலம் விலை, வரத்து, விற்ற அளவு என்று தகவல் கொட்டுகிறது. பத்தாண்டு விலையை ஒருசேரப் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறு விவசாயி கேட்டால், அதைத் தொகுத்துத் தருவது நூலக வேலை. வணிகவியல் தெரிந்தவர் அதை ஒரு மாலையில் செய்துவிடுவார்.

தொலைநிலை மாணவர்களுக்கு ஒரு நடைமுறை வழி. கோஹா என்ற நூலக மென்பொருள் நியூசிலாந்தில் உருவானது, இலவசம். ஒரு சாதாரண மடிக்கணினியில் நிறுவிக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் கிளை நூலகரிடம் கேட்டு, ஓர் அலமாரிப் புத்தகங்களை மட்டும் அதில் ஏற்றுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பொருள் தலைப்பு எல்லாவற்றையும் முழுமையாகப் பதியுங்கள். பாடநூலில் பத்து முறை படித்தும் புரியாதது அந்த ஓர் அலமாரியில் புரிந்துவிடும்.

'முடிப்பது' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்.லிப். தேர்ச்சி பெறுவது கடினமில்லை. ஆனால் கல்லூரி நூலகர் பணிக்கும், அதற்கு முந்தைய நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுக்கும் முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு நெட் தேர்வில் 50. ஐம்பத்து நான்கே முக்காலைப் பல்கலைக்கழக மானியக் குழு 55 ஆக்கிக் கொடுப்பதில்லை. ஆகவே இறுதி மதிப்பெண்ணைக் குறிவைத்துத்தான் ஒப்படைப்புகளை எழுத வேண்டும். இந்திரா காந்திப் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கு 30 விழுக்காடு எடை. அதைக் கடைசி வாரத்தில் நண்பர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறவர்கள் கையிலிருப்பதைத் தெருவில் வீசுகிறார்கள்.

4.

ஆய்வேட்டில்தான் என் மனக்குறை அதிகம். எம்.லிப். ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அச்சு. ஏதோ ஒரு கல்லூரியில் வாசகர்களுக்கு வினாப்படிவம் கொடுப்பது, 'நூலகச் சேவை திருப்தியா?' என்று கேட்பது, விழுக்காட்டு அட்டவணை போடுவது, இருக்கை வசதியைக் கூட்ட வேண்டும் என்று பரிந்துரைப்பது. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு எதற்கு? மின்விசிறி ஓடுகிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தால் போதும்.

இந்தப் பள்ளத்தாக்கின் மாணவருக்குத் தலைப்புப் பஞ்சம் வரவே கூடாது. முல்லைப் பெரியாறு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். அணை நிலத்துக்கு 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகை. எட்டாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். பொறியாளர் பென்னி குவிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. அந்தக் கட்டுமானத்தின் வரலாற்றை மெக்கன்சி என்ற பொறியாளர் 1899இல் நூலாக எழுதினார். அதற்கு முன் 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு வரலாறு இருக்கிறது, பின்னர் 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மாவட்டக் கையேடு இருக்கிறது. 1970இல் குத்தகையில் திருத்தம். 2006லும் 2014லும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். இவற்றுக்கிடையே பொறியாளர் குழுக்களின் அறிக்கைகள், சட்டமன்ற விவாதங்கள், தமிழிலும் மலையாளத்திலும் வந்த நூல்கள், துண்டறிக்கைகள், விவசாயிகள் சங்கங்களின் மனுக்கள். ஐந்து மாவட்டத்துப் பாசனமும் குடிநீரும் தொங்கும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் என்ன, எங்கே இருக்கிறது, எந்த மொழியில், யார் பார்க்கலாம் என்று சொல்லும் குறிப்புரையோடு கூடிய நூற்றொகை ஒன்றை ஒரு மாணவர் ஆய்வேடாகச் செய்யலாமே. வரலாறு படித்தவர் ஆவணத்திலிருந்து தொடங்குவார். கட்டடப் பொறியியல் படித்தவர் அறிக்கைகளிலிருந்து தொடங்குவார். சட்டம் தெரிந்தவர் தீர்ப்பிலிருந்து. ஒவ்வொருவர் செய்வதும் வேறுவேறு நூற்றொகையாக வரும், ஒவ்வொன்றும் தேவைதான்.

இதில் ஒரு கஷ்டமும் உண்டு. தேனி மாவட்டம் 1996இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய மாவட்ட ஆவணங்களில் பெரும்பகுதி மதுரைப் பெயரில்தான் இருக்கும். 'தேனி' என்று தேடினால் கிடைக்காது, 'மதுரா' என்று ஆங்கிலேயர் எழுதியபடி தேட வேண்டும். பெரியகுளம் வட்டம், உத்தமபாளையம் வட்டம் என்று வட்டப் பெயரால் தேட வேண்டும். கணினியில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுந்துபோகிறவருக்கும் நூலகருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். மலையின் மறுபக்கத்தையும் சேர்க்க வேண்டும். பீர்மேடு, தேவிகுளம் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறையாக உழைக்கிறார்கள். கேரளத்தில் 1945இல் பி. என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் ஊருக்கு ஊர் உறுப்பினர்களே நடத்தும் நூலகங்களாக வளர்ந்தது. குமுளிச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் முற்றிலும் வேறொரு நூலக அமைப்பு. இரண்டையும் ஒப்பிட்டு எழுத இங்கிருப்பவரைவிடப் பொருத்தமானவர் யார்?

தமிழ் படித்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் கோயில் மடங்களிலும் கிடக்கும் அச்சுநூல்களைக் கரையான் முந்துவதற்குள் போய்ப் பட்டியலிடுங்கள்.

5.

வேலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பட்டம் வாங்கியவுடன் வேலை காத்திருக்காது.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது, 1948இல் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலம், பின்னணியில் அரங்கநாதனின் உழைப்பு. இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நீங்கள் கட்டுகிறீர்கள். இப்படிப்பட்ட சட்டம் இருந்தும் நியமனங்கள் தொடர்ச்சியாக நடப்பதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2023இல் நூலகப் பணிகளுக்கு ஒருங்கிணைந்த தேர்வு நடத்தியது. அதுபோல அறிவிப்பு வரும்போது தயாராக இருப்பவருக்கே இடம். கல்லூரிப் பணிக்கு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேவை, அல்லது முனைவர் பட்டம். நெட் தேர்வில் இரண்டு தாள், 150 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், ஆண்டுக்கு இருமுறை. சுயநிதிக் கல்லூரிகளில் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, நூலகரையே தேர்வுப் பணிக்கும் சேர்க்கைப் பணிக்கும் அலையவிடுவதும் நடக்கிறது.

அப்படியிருக்க ஏன் படிக்க வேண்டும்? முதல் பட்டத்தைக் கைவிடாதவருக்கு வழிகள் கூடுதல் என்பதே என் பதில். மருத்துவக் கல்லூரி நூலகம், பொறியியல் கல்லூரி நூலகம், ஆராய்ச்சி நிலைய நூலகம், செய்தி நிறுவனத்தின் ஆவணப் பிரிவு ஆகிய ஒவ்வொன்றும் பொருளறிவுள்ள நூலகரைத் தேடுகிறது. வெறும் எம்.லிப். வைத்திருப்பவர் ஒரே வரிசையில் நிற்கிறார். வேதியியலோடு எம்.லிப். வைத்திருப்பவருக்கு இரண்டு வரிசை.

எதிரே இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்த மாவட்டத்தின் கல்லூரி நூலகங்களும், தேனி மாவட்ட மைய நூலகமும், கிளை நூலகங்களும் தொலைநிலையில் நூலகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் செய்முறைப் பயிற்சிக்கு இடம் கொடுக்க வேண்டும். பகுப்புத் தொகுதிகளைப் பூட்டி வைக்காமல் மேசைமேல் வைக்க வேண்டும். வாசகர் வட்டங்களும் புரவலர்களும் ஆளுக்கொரு மடிக்கணினி, ஒரு சிறு உதவித்தொகை தரலாம். மாணவ மாணவியரே, நாளைக்கே உங்கள் ஊர் நூலகரைப் போய்ப் பாருங்கள். உங்கள் பெயரோடு நீங்கள் முதலில் படித்த பாடத்தையும் சொல்லி, எந்த அலமாரியைத் தரலாம் என்று கேளுங்கள்.